முதலில் சுரங்கப்பாதை

அறிவிப்பு ஒட்ட வந்த ஆளுக்குத் தெருவில் வேறு சுவரே கிடைக்கவில்லை போலிருக்கிறது. பேக்கரியின் பக்கச் சுவரில், உள்ளே அடுப்பு எரிவதால் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் இடமாகப் பார்த்துப் பசை தடவி ஒட்டினான். ஒரு பன்னும் தேநீரும் வாங்கிச் சாப்பிட்டான். அவன் வாயைத் துடைப்பதற்குள் தெரு கூடிவிட்டது.

விமான நிலையத்தை மூன்று கட்டங்களாக விரிவாக்கப் போகிறார்கள். முதற்கட்டத்தில் ஓடுபாதை நீளும். இரண்டாம் கட்டத்தில் பயணிகளுக்குப் புதுக் கட்டடம். மூன்றாம் கட்டத்தில் சரக்குக் கூடமும், வாகன நிறுத்தமும், ஓடுபாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையும். ஆட்சேபம் இருப்பவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்று கடைசியில் போட்டிருந்தது.

உரக்கப் படித்துக் காட்டியவர் விமான நிலையத்துத் தீயணைப்பு வண்டி ஓட்டுநர். தெருவில் அவருக்குச் சைரன் என்று பெயர். அவர் வீட்டுக்குள் மனைவியிடம் தண்ணீர் கேட்டால் தெருக்கோடியில் இருப்பவர் எடுத்துக்கொண்டு வருவார். அப்படி ஒரு குரல்.

"ஓடுபாதை நீளும்னா எந்தப் பக்கம் நீளும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"நம்ம பக்கம்தான்."

"அப்ப வேலியோர ரோடு?"

சைரன் மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார். "முதற்கட்டத்துல மூடுறாங்க. மூணாங்கட்டத்துல சுரங்கம் வருது."

"நடுவுல?"

"நடுவுல நாம பறக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, ரயிலடி எல்லாமே ஓடுபாதைக்குக் கிழக்கே. அவர்கள் இருந்தது மேற்கே. இரண்டுக்கும் நடுவே கம்பி வேலியை ஒட்டி, ஓடுபாதையின் முனையைச் சுற்றிப் போகும் அந்த ஒற்றைத் தார்ச்சாலைதான் வழி. அதை மூடினால் கல்குவாரியைச் சுற்றிக்கொண்டு, மேட்டில் ஏறி இறங்கி, ரயில்வே கேட்டில் நின்று, ஊரின் முதுகுப் பக்கமாக நுழைய வேண்டும். அறிவிப்பின் மூலையில் சின்னதாக ஒரு வரைபடம் இருந்தது. அதைப் பார்த்த கண்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து பேக்கரியின் மாடி ஜன்னலைப் பார்த்தன.

அந்த மாடியில்தான் சின்னவள் இருந்தாள். பேக்கரிக்காரரின் ஒரே தங்கை. விமான நிலையத்தின் திட்டப் பிரிவில் பொறியாளர். அவள் முதன்முதலில் வரைந்த பேருந்து நிறுத்தத்தின் படத்தை, விலைப்பலகைக்குப் பக்கத்தில் அண்ணன் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். ரஸ்க் வாங்க வந்தவர்கள்கூட அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். அதனால் இந்த வரைபடத்தையும் யார் போட்டது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முழங்கை வரை மாவோடு அண்ணன் வெளியே வந்தார். அறிவிப்பை முழுக்கப் படித்தார். மாடியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மாவைப் பிசைய ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவர் தங்கையோடு பேசவில்லை.

*

அலுவலகம் கிளம்புவதற்கு முன்னால் சின்னவள் கீழே இறங்கி வந்து கொஞ்ச நேரம் மாவு உருட்டிக் கொடுப்பது வழக்கம். அடுத்த நாளும் வந்தாள். வராமல் இருந்தால் ஒளிந்துகொண்டதாக ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே தூறல். அடுப்படியில் ஈஸ்டின் புளித்த வாசனையும் கருகிய சர்க்கரையின் வாசனையும் கலந்து நின்றன. நீள மேசையின் ஒரு பக்கம் அண்ணன் மாவை வெட்டி வெட்டிப் போட, எதிர்ப்பக்கம் அண்ணியும் அவளும் உள்ளங்கைக்குள் வைத்து உருட்டி, எண்ணெய் தடவிய தட்டில் அடுக்கினார்கள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கமா உருட்டச் சொல்லு" என்றார் அண்ணன், மனைவியைப் பார்த்து.

"யாரை?"

"அவளை."

"அவ உங்களுக்கு எதிர்லதான நிக்கிறா."

"சொல்லுன்னா சொல்லேன்."

அண்ணி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "சின்னவளே, இறுக்கமா உருட்டணுமாம். உங்கண்ணன் சொல்லி அனுப்பியிருக்காரு. அவருக்குப் பல்லு வலி. உன்கிட்ட மட்டும் பேச முடியாத பல்லு வலி."

அண்ணன் கத்தியைச் சற்று ஓங்கியே மேசையில் வைத்துவிட்டு, ரொட்டி டிரேக்களை வேனில் ஏற்றப் போனார். அவர் காலடிச் சத்தம் வாசலைத் தாண்டியதும் அண்ணியின் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. ஆகிருதியான பெண் அவள். உட்கார்ந்தால் நாற்காலி அழும் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வாள். அவள் கல்யாணமாகி வந்தபோது சின்னவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலைவாரிவிட்டதும், பரீட்சைக் காலத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கி வழிந்ததும் இந்த அண்ணிதான்.

"இப்ப சொல்லு. அது நீ போட்ட படம்தானா?"

"நான் போட்டதுதான் அண்ணி."

"ரோடு போயிடும்னு தெரிஞ்சா போட்ட?"

"தெரிஞ்சுதான்." சின்னவள் கையில் இருந்த உருண்டையைத் தேவைக்கு மேலே உருட்டிக்கொண்டிருந்தாள். "நான் சுரங்கப்பாதையை முதற்கட்டத்துலதான் வச்சிருந்தேன். ஓடுபாதை நீண்டாதான் பெரிய விமானம் வரும், அது வந்தாதான் வருமானம், மத்ததெல்லாம் அப்புறம்னு கடைசிக்குத் தள்ளிட்டாங்க."

"யாரு தள்ளினது?"

"ஆபீஸு."

"ஆபீஸுக்கு ஒரு மூஞ்சி இருக்கும்ல?"

"இருக்கு. அதைக் காட்டிக்குடுத்துட்டு நான் நழுவிக்க முடியாது அண்ணி. எல்லாரும் உக்காந்து பேசி எடுத்த முடிவு. நானும் அந்த மேசையிலதான் உக்காந்திருந்தேன். கூட்டத்துல இந்தத் திட்டத்தை விளக்கிச் சொல்லப்போறதும் நான்தான்."

அண்ணியின் கை நின்றது. "நீயா? நம்ம ஜனங்க முன்னாடியா?"

"நானேதான்."

"உங்கண்ணன்கிட்ட சொல்லட்டுமா? நீ முதல்ல வேற மாதிரி போட்டேன்னு."

"வேண்டாம். அவர் ஆத்தாமையில ஊருக்கே சொல்லுவாரு. அப்புறம் அங்க என் பேச்சுக்கு ஒரு மரியாதையும் இருக்காது."

அண்ணி அந்த உருண்டையைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். "விடு, அதைக் கொன்னுட்ட. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நீ அங்க நின்னு உன் வேலையைச் செய். நான் எதிர்ல நின்னு என் வேலையைச் செய்வேன். நாத்தனாராச்சேன்னு ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன்."

"குறைச்சா எனக்குக் கோவம் வரும்" என்றாள் சின்னவள்.

*

மழை விட்டபாடில்லை. பேக்கரியின் முன்பக்கத்தில் சாயங்காலமானால் தெரு வந்து கூடியது. ஈரக் குடைகளை ஒரு மூலையில் சாத்திவிட்டு, பெஞ்சிலும் மாவு மூட்டையிலும் உட்கார்ந்து, தேநீரில் ரஸ்க்கைத் தோய்த்தபடி பேசினார்கள். கூட்டத்துக்குத் தலைமை யார் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணியே தலைவியாகிவிட்டாள்.

"எல்லாரும் போய் ரோட்டுல படுத்துருவோம்" என்றார் தையல்காரர்.

"இந்த மழையிலயா? உங்களுக்கு ஏற்கெனவே இடுப்பு புடிச்சிருக்கு. படுத்தா எழுப்ப இன்னொரு போராட்டம் நடத்தணும்."

"அப்ப விமான நிலையமே வேண்டாம்னு சொல்லுவோம்."

சைரனுக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாம்னா? அப்புறம் நான் எந்த நெருப்பை அணைக்கிறது? உங்க வீட்டு அடுப்பையா? இந்தத் தெருவுல பாதிப் பேர் அதோட உப்பைத்தான் திங்கிறோம். பெரிய விமானம் வரட்டும். எனக்கும் புது வண்டி வரும். நமக்கு வழியை மூடாம வரட்டும்னுதான் சொல்றோம்."

அதுதான் உண்மை. மூட்டை ஏற்றுகிறவர்கள், துப்புரவு செய்கிறவர்கள், டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரும் பெண், காவலாளிகள் என்று மேற்குப் பக்கத்தின் பாதிச் சமையல் அங்கிருந்து வரும் சம்பளத்தில்தான் கொதித்தது. மாடிப்படியில் உட்கார்ந்து சின்னவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இறங்கினால் பேச்சு நிற்கும். அதனால் இறங்கவில்லை. பெண்கள் அவளைக் கண்டால் முன்போலவே சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்ததும் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

ஆனாலும் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குப் பிடித்தபடி ஓரம் முறுகலான ரொட்டி தினமும் ஒரு துணியில் சுற்றி மாடிப்படியில் இருக்கும். யார் வைத்தது என்று கேட்டால் அண்ணி, "எனக்குத் தெரியாதும்மா, பல்லு வலிக்காரரைக் கேளு" என்பாள்.

*

மண்ணைத் துளையிட்டுப் பார்ப்பதற்காக வேலியோரச் சாலையை ஒரு நாள் மூடுவதாகச் சொன்னார்கள். அந்த நாள் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

விடிந்தும் விடியாமலும் அண்ணன் வேனை எடுத்தார். சின்னவளுக்கும் வேறு போக்கு இல்லை; அலுவலகம் கிழக்கே. அண்ணி அவளைப் பிடித்து முன்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பின்னால் சுடச்சுட ரொட்டி. கண்ணாடி முழுக்க ஆவி. துடைப்பான் ஒரு பக்கம் தள்ள மழை மறுபக்கம் இறைத்தது. குவாரி மேட்டில் ஏறும்போது டிரேக்கள் எல்லாம் பின்னால் சரிந்தன. இறங்கும்போது முன்னால் சரிந்தன. அண்ணன் ஒவ்வொரு சரிவுக்கும் பல்லைக் கடித்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில் ஒன்று வந்து, பாதி கடந்து, அப்படியே நின்றுவிட்டது. வேனுக்குப் பின்னால் டவுன் பஸ், அதற்குப் பின்னால் ஆட்டோக்கள், பள்ளி வேன்கள் என்று வால் நீண்டது. ரொட்டியின் சூடு ஆற ஆற வேனுக்குள் ஈரவாடை ஏறியது.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது. மேகத்துக்குள் ஒரு விமானம். வந்தது, தேய்ந்தது, மறுபடி வந்தது. காலையில் இறங்க வேண்டிய முதல் விமானம்.

அண்ணன் குனிந்து கண்ணாடி வழியாக மேலே பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்: "மேல ஒருத்தன் சுத்துறான். கீழ நாம சுத்துறோம்."

தன்னிடம் சொல்லப்படாத அந்தச் சொல் சின்னவளைச் சுருக்கென்று தைத்தது. மழைக்காக விமானம் சுற்றுகிறதா? இதைவிடப் பெரிய மழையிலெல்லாம் இறங்கியிருக்கிறதே. அவள் திடீரென்று கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினாள். அண்ணன் "ஏய்" என்று வாயெடுத்து, நினைவு வந்து மூடிக்கொண்டார்.

அவள் பின்னால் நின்ற பஸ்ஸில் ஏறினாள். முதல் சீட்டிலேயே சீருடையோடு சைரன் உட்கார்ந்திருந்தார். கையில் போன், முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, நீங்க இங்க இருந்தா அங்க வண்டி யாரு எடுக்கிறது?"

"அதைத்தான் அவங்களும் கேக்குறாங்க. ராத்திரி ஆளுங்க கொஞ்சம் பேர்தான். விமானம் இறங்கணும்னா தீயணைப்பு வண்டியெல்லாம் ஆளோட தயாரா நிக்கணும். எங்க டிரைவருங்க மொத்தப் பேரும் இந்தப் பஸ்லதான் இருக்கோம்."

சின்னவள் பஸ்ஸுக்குள் பார்த்தாள். டிக்கெட் கவுன்ட்டர் பெண் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். மூட்டை ஏற்றுகிறவர்கள் கம்பியில் சாய்ந்து நின்றபடி தூங்கினார்கள். துப்புரவுப் பெண்கள் வரிசையாக மடியில் டிபன் பாக்ஸோடு இருந்தார்கள். ஒரு முகம் மிச்சமில்லாமல் எல்லாம் அவள் அலுவலகத்தில் தினமும் பார்க்கிற முகம். விமான நிலையமே இந்தப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்தது.

மேலே சத்தம் இன்னொரு முறை வந்தது. பிறகு வேறு திசையில் தேய்ந்து, திரும்பவே இல்லை. அந்த விமானம் அடுத்த நகரத்துக்குப் போய் இறங்கியது என்று பிறகு தெரிந்தது.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் வேனுக்குத் திரும்பினாள். உதடு நடுங்கியது, கண் மட்டும் பளபளத்தது. அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து மாவு துடைக்கிற துண்டை எடுத்து, அவளைப் பார்க்காமலே நீட்டினார்.

*

சுரங்கப்பாதையை முதலில் போட வேண்டும் என்று வாதாடுவதற்கு அவளிடம் ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது. வெறும் தரையில் பள்ளம் தோண்டி, கான்கிரீட் பெட்டியை இறக்கி, மூடிவிட்டு, அதன்மேல் ஓடுபாதையை நீட்டுவது சுலபம். ஓடுபாதை வந்த பிறகு அதன் வயிற்றைக் கிழித்துத் தோண்டுவது என்றால் விமானங்களை நிறுத்த வேண்டும். இதை அவள் சொன்னபோது, "அதை அப்போ பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கினார்கள். இப்போது ஒரு விமானம் நிஜமாகவே திரும்பிப் போயிருந்தது.

கட்டங்களைக் கலைத்து அவள் புதிதாக வரைந்தாள். முதற்கட்டத்தில் ஓடுபாதையோடு சேர்ந்து முக்கியப் பிரமுகர்களுக்கு ஓர் ஓய்வறையும், வாசலில் ஓர் அலங்கார வளைவும் இருந்தன. இரண்டையும் தூக்கி மூன்றாம் கட்டத்தில் போட்டாள். அந்த இடத்தில் சுரங்கப்பாதை கச்சிதமாக உட்கார்ந்தது.

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. பல மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்.

"வளைவை எடுத்துட்டியேம்மா. மேலிடத்துக்கு அந்த வளைவு மேல ஒரு கண்ணு."

"வளைவு இல்லாமலும் விமானம் இறங்கும் சார். சைரன் இல்லாம இறங்காது."

"சைரன் எதுக்கு?"

"தீயணைப்பு வண்டி டிரைவர் சார். அவர் பேரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு படத்தை மெதுவாகச் சுருட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாமளா எடுத்துப் போட்டா, நம்ம திட்டத்தை நாமே குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். மேலிடம் என்னை உரிச்சுடும். கூட்டத்துல கருத்துக் கேக்க வர்ற குழு கேட்டா காட்டு. நான் குறுக்க நிக்க மாட்டேன். கேக்கலைன்னா உன் பையிலயே இருக்கட்டும்."

"சரி சார்."

"இன்னொண்ணு. வீட்டுல சொல்லிக் கேக்க வைக்கக் கூடாது. அது நியாயமில்ல."

"சொல்ல மாட்டேன் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, அதன் பிறகு வீட்டில் இருப்பதே பெரும்பாடாகிவிட்டது. அண்ணி மாவு மேசையையே மேடையாக வைத்துப் பேசிப் பழகினாள். உருட்டுக்கட்டைதான் மைக்.

"ஐயா அம்மா மாரே, எங்க பிள்ளைங்க எப்படிப் பள்ளிக்கூடம் போகும்? எங்க வயசானவங்க எப்படி ஆஸ்பத்திரி போவாங்க? எங்க ரொட்டி எப்படி..." நிறுத்திவிட்டு நாத்தனாரைப் பார்ப்பாள். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணி."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அந்தப் பேச்சில் கோபம் இருந்தது, கண்ணீர் இருந்தது, கைதட்டலுக்கு இடம்கூட விட்டிருந்தது. இந்த வரிசையை மாற்ற முடியுமா என்ற ஒரே ஒரு கேள்விதான் இல்லை. சின்னவளின் நாக்கு நுனிவரை அது வரும். ரொட்டித் துண்டை வாயில் திணித்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவாள்.

*

கூட்டம் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கில் நடந்தது. மேற்குப் பக்கம் மொத்தமும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தது. மேசைக்குப் பின்னால் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. பேசுகிறவர்களை இடைமறிக்காமல் கண்ணைப் பார்த்துக் கேட்பவர்.

சின்னவள் எழுந்து திட்டத்தை விளக்கினாள். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குரல் நடுங்கவில்லை. எதையும் மழுப்பவும் இல்லை. "முதற்கட்டத்தில் வேலியோரச் சாலை மூடப்படும்" என்றபோது அரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பின்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அண்ணனை அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

பிறகு அண்ணி மைக்கைப் பிடித்தாள். பழகிய பேச்சு பாதியிலேயே எங்கோ போய்விட்டது. அதைவிட நல்ல பேச்சு வந்தது. பிள்ளைகளைச் சொன்னாள், ஆஸ்பத்திரியைச் சொன்னாள், ரயில்வே கேட்டில் ஆறிப்போன ரொட்டியைச் சொன்னாள். "அங்க உக்காந்திருக்கிற இஞ்சினியர் என் நாத்தனார். நான் வளர்த்த பொண்ணு. அவளை நான் குத்தம் சொல்லல. திட்டத்தைத்தான் சொல்றேன். எங்களை அந்தப் பக்கமே விட்டுட்டுக் கதவைச் சாத்தாதீங்க" என்று முடித்தபோது அரங்கம் அதிர்ந்தது. சைரன் மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விமானம் திரும்பிப் போன கதையைச் சொன்னார். கடைசி வரிசைக்குக் காது வலித்தது.

எல்லாரும் பேசினார்கள். வரிசையை மாற்ற முடியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேறு யாராவது?"

சின்னவள் காலடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலைமைப் பொறியாளர் கூரையைப் பார்த்தார்.

பின்வரிசையில் ஒரு அசைவு. அண்ணன் வந்துகொண்டிருந்தார். கடையில் பேசுவதோடு சரி. மேடைப் பக்கமே போனதில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழுவைப் பார்க்காமல் நேராகத் தங்கையைப் பார்த்தார்.

"எனக்கு நிறையப் பேச வராது. எங்க வீட்டுல ஒரு இஞ்சினியர் இருக்கா. சுவத்துல நோட்டீஸ் ஒட்டின நாளா நான் அவகூடப் பேசல. கோவம். ஆனா அவ எங்களுக்குக் கெடுதல் நினைக்க மாட்டா. அது எனக்குக் கோவத்துலயும் தெரியும்." மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அதனால இன்னைக்கு அவகிட்டயே கேக்குறேன். சின்னவளே, இந்தச் சுரங்கத்தை முதல்ல போட்டுட்டு, அப்புறம் ஓடுபாதையை நீட்ட முடியுமா, முடியாதா? முடியாதுன்னு நீ சொன்னா நான் நம்புறேன். பேசாம வீட்டுக்குப் போறேன்."

சின்னவள் வாய் திறந்தாள். ஆனால் கேட்டது குழு அல்ல, அண்ணன். அவள் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். "நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். குழுவின் கேள்வியாகவே பதிவாகட்டும். பொறியாளர் பதில் சொல்லலாம்."

"முடியும்" என்றாள் சின்னவள். "முடியும் அண்ணா. படமே போட்டு வச்சிருக்கேன்."

பையிலிருந்து அதை எடுத்தாள். விரித்துப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையைத் தலைமைப் பொறியாளர் தானே எழுந்து வந்து பிடித்துக்கொண்டார். பள்ளம் தோண்டுவது, பெட்டி இறக்குவது, மேலே ஓடுபாதை போவது, தீயணைப்பு ஆட்கள் நேர்வழியில் வேலைக்கு வருவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இதற்காகத் தள்ளிப்போவது எது என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"ஒரு ஓய்வறை, ஒரு அலங்கார வளைவு."

"வளைவா!" என்றார் தையல்காரர். "அதுக்கு நானே துணியில ஒண்ணு தச்சுத் தர்றேன்!"

தலைவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முதல் வரிசைக்குப் பரவி, பின்வரிசைவரை போய், கைதட்டலாக மாறி, ஓய மறுத்தது. அண்ணி எழுந்து நின்று தட்டினாள். அவள் பக்கத்து நாற்காலி சரிந்து விழுந்தது. அண்ணன் மட்டும் மைக்கை விடத் தெரியாமல் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஐயா, மைக்கை வைக்கலாம்" என்றார் தலைவர்.

"ம்ம்" என்றார் அண்ணன் மைக்கிலேயே.

*

குழுவின் தீர்ப்பு வந்தது. விரிவாக்கத்துக்கு ஒப்புதல், ஆனால் சுரங்கப்பாதை திறக்கும்வரை வேலியோரச் சாலையில் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. மேலிடம் முணுமுணுத்தது. திரும்பிப் போன விமானத்தை எடுத்துச் சொல்லித் தலைமைப் பொறியாளர் சமாளித்தார். அடுத்த கோடையில் பள்ளம் தோண்டினார்கள். மேற்குப் பக்கத்துக்கு அதுவே பொழுதுபோக்கு. வேலை நடக்கும் இடத்துக்குச் சாயங்காலம் நடந்து போய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னைக்கு எவ்வளவு இறக்கினாங்க?" என்று கேட்பார்கள். சின்னவள் தலைக்கவசத்தோடு பள்ளத்துக்குள் நின்று கையாட்டுவாள். தொழிலாளிகளுக்குப் பேக்கரியிலிருந்து கூடை கூடையாகப் பன் போனது.

திறந்த நாளன்று வெயில் பளீரென்று அடித்தது. ரிப்பன் வெட்டியவர்கள் வெட்டிவிட்டுப் போன கையோடு தெரு உள்ளே இறங்கியது. தையல்காரர் சொன்னபடியே துணியில் ஒரு வளைவு தைத்து வாசலில் கட்டியிருந்தார், கொஞ்சம் கோணல். பெண்கள் சிமென்ட் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். சைரன் உள்ளே நின்று "ஏய்ய்" என்று ஒரு குரல் கொடுத்தார். அது அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்து, மறுபடி போனது. போதும் போதும் என்று அவர் மனைவி வாயைப் பொத்தினாள்.

முதல் வண்டியாக விட்டது பேக்கரி வேனை. அண்ணன் ஓட்ட, நடுவில் அண்ணி, ஓரத்தில் சின்னவள். பின்னால் டவுன் பஸ், ஆட்டோக்கள், பள்ளி வேன்கள். சரிவில் இறங்கி, விளக்கு வெளிச்சத்துக்குள் நுழைந்து, சரியாக ஓடுபாதை வரப்போகும் இடத்துக்குக் கீழே வந்ததும் அண்ணன் பிரேக்கை மிதித்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அண்ணி.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். மாவின் பதம் பார்ப்பதுபோல் ஒரு தரம் அழுத்தினார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அதைக் கேட்டு ஆட்டோக்கள் அடித்தன. சுரங்கம் முழுக்க ஒரே இரைச்சல்.

"வண்டியை எடுண்ணா!" என்று சின்னவள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் நிக்கிறாங்க!"

அண்ணன் வாகன வரிசையைப் பார்த்துத் திரும்பினார். சைரனுக்குச் சரியாக ஒரு குரல் அன்றைக்கு அவரிடமும் இருந்தது.

"இருங்கய்யா! என் தங்கச்சி கட்டினது. பார்த்துட்டு வர்றேன்!"

ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, தானும் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்.